மூன்றாவது தாழ்ப்பாள்

லோவல் ஹாவ்லிக் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்த நாளில்தான் அவருக்குப் பதவி வந்தது. ஒவ்வொரு பள்ளியும் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளரை நியமித்தே ஆகவேண்டும் என்று மாநிலத்திலிருந்து உத்தரவு. டோப்ரி க்ரீக் பள்ளியில் கூட்டம் போட்டார்கள். வந்திருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். வராதவர் ஒருவர்தான். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரிடம் கண்காணிப்பாளர் கிரெட்சன் ப்ரூன்ஸ் ஒரு மஞ்சள் மேல்சட்டையையும் ஒரு விசிலையும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல லோவலுக்கு வாய் வரவில்லை. இன்னும் வலி போகவில்லை.

"எனக்குப் பல்லு போச்சு, அந்த ஓட்டையில பதவி வந்து உக்காந்துக்கிச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவன் சிரிப்பதற்கு முன் தானே தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவது அவர் வழக்கம். நெப்ராஸ்காவின் சின்ன ஊர் ஒன்றில் பயந்த சுபாவத்தோடு பிறந்தவனுக்கு வேறு வழியும் இல்லை.

அவர் மரவேலையும் கார் ஓட்டவும் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். காலையில் பிள்ளைகள் கையில் ரம்பம், மதியம் அதே பிள்ளைகள் கையில் ஸ்டியரிங். இந்த இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் பத்து விரலோடு பிழைத்த மனுஷனைவிடப் பாதுகாப்புக்குத் தகுதியான ஆள் யார்? பதவி வந்ததும் லோவல் ஆளே மாறிப்போனார். தீ ஒத்திகை, கதவடைப்பு ஒத்திகை, சுழற்காற்று ஒத்திகை என்று மாற்றி மாற்றி நடத்தினார். விசில் சத்தம் கேட்டாலே பல ஆசிரியர்கள் கழிவறையைத் தேடிப் போனார்கள்.

அவருடைய பெரிய யுத்தம் ஒரு செங்கல்லோடு நடந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள வெளிக்கதவு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே இருந்து திறக்க முடியாது. கால்பந்துப் பயிற்சியாளர் ஷ்டெகர் சிகரெட் பிடிக்கப் போகும்போதெல்லாம் கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார். லோவல் அந்தச் செங்கல்லைப் பறிமுதல் செய்து தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டினார்.

"இதுக்கு ஒரு நாள் அழுவ, லோவல்" என்றார் ஷ்டெகர்.

"வெளிய நிக்கிறவன்தான் அழணும். நான் எதுக்கு வெளிய நிக்கப்போறேன்?"

அந்த வெளிக்கதவுக்கு உள்ளே ஒரு சின்ன நடை. நடையின் மறுகோடியில் மல்யுத்தம் பழகும் அறை. நாலு பக்கமும் காங்கிரீட் சுவர். அதற்கு ஓர் இரும்புக் கதவு, கதவில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று தாழ்ப்பாள், முகம் தெரிகிற அளவுக்கு ஒரு தடித்த கண்ணாடி. சுழற்காற்று வந்தால் மொத்தப் பள்ளியும் அதற்குள் போய்விட வேண்டும். பக்கத்திலேயே சமையலறை என்பதால் கதவைச் சாத்தும் பொறுப்பு சமையல்காரம்மாவுக்கு. சமையல்காரம்மா ஆர்டித், லோவலின் மனைவி.

ஒத்திகை தவறாமல் லோவல் பிள்ளைகளிடம் கேட்பார்: "ரேடியோவுல காற்று வந்துருச்சுன்னு சொல்லிட்டான். கதவு சாத்தியாச்சு. அப்புறம் வெளிய இருந்து மிஸ்டர் ஹாவ்லிக்கே வந்து தட்டுறாரு. திறக்கலாமா?"

"மிஸ்டர் ஹாவ்லிக் தட்டினாலும் திறக்கக் கூடாது!" என்று மழலையர் வகுப்பிலிருந்து மேல்வகுப்புவரை கூரை அதிரக் கத்தும்.

"ஆர்டித், நீ?"

"நானா? கேக்கவே வேணாம். சந்தோஷமா சாத்தி வெச்சிருப்பேன்."

அறையே சிரிக்கும். லோவலும் சிரிப்பார்.

இங்கே எங்கள் ஊரின் வியாதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுழற்காற்று வருகிறது என்று அபாயச் சங்கு ஊதினால் பெண்கள் நிலவறைக்குள் இறங்குவார்கள். ஆண்கள் வாசலுக்கு வருவார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து, "வடக்கால ஒதுங்கிரும்" என்பார்கள். எதற்கு வெளியே வருகிறோம் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. நாம் முறைத்தால் காற்று வெட்கப்பட்டுத் திரும்பிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது போல. லோவலின் அப்பா நின்றார், தாத்தா நின்றார். தாத்தாவின் தொழுவம்தான் நிற்கவில்லை.

இந்த முட்டாள்தனத்தை ஒழிப்பதே தன் பிறவிப் பயன் என்று லோவல் ஊர்க்கூட்டத்தில் ஒரு தடவை பேசினார். கைதட்டல்கூட வாங்கினார்.

மே மாதத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில், சங்கு ஊதியது. ஒத்திகை இல்லை. அன்றைக்குச் சாப்பாடு பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்ட காரக் குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை தடவிய சுருள் ரொட்டி. மற்ற மாநிலத்துக்காரர்கள் இந்தச் சேர்க்கையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். லோவல் பாதி ரொட்டியோடு எழுந்து ஓடினார். விசில் ஊதினார். பிள்ளைகள் வரிசையாக, அழாமல், ஒத்திகையில் செய்ததை அப்படியே செய்துகொண்டு அறைக்குள் போனார்கள். அவருக்கு நெஞ்சு விம்மியது. வகுப்புகள் காலியா என்று பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே போவது அவர் வேலை. எல்லாம் பார்த்தார். எல்லாம் காலி. இரும்புக் கதவு எதிரே திறந்திருந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் வெளிக்கதவு.

அதன் கண்ணாடிக்கு அப்பால் வானம், சுழற்காற்றுக்கு முன்னால் ஆவதுபோல, பச்சையாக இருந்தது. ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அவர் நினைக்கக்கூட இல்லை. கால் தானாகப் போனது. வாசலில் நின்று, இடுப்பில் ஒரு கையும் மறு கையில் ரொட்டியுமாக மேற்கே பார்த்தார். "வடக்கால ஒதுங்கிரும்" என்று வாய் சொல்லியது.

பின்னால் கதவு டிக்கென்று சாத்திக்கொண்டது.

அது வடக்கே ஒதுங்கவில்லை. தானியக் கிடங்கைத் தாண்டி நேராக வந்தது. லோவல் கதவை இழுத்தார், குத்தினார், உதைத்தார். மேசைமேல் பத்திரமாக இருக்கும் செங்கல் ஞாபகத்துக்கு வந்தது. வெளிக்கதவின் கண்ணாடி வழியே நடையின் மறுகோடி தெரிந்தது. இரும்புக் கதவு சாத்தியாகிவிட்டது. அதன் கண்ணாடியில் ஆர்டித்தின் முகம். அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

அப்புறம் அவள் முகம் மறைந்துவிட்டது.

சரியாகத்தான் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவரே கற்றுக்கொடுத்தது. ஆனாலும் அந்தக் காற்றைவிட அந்த வெறும் கண்ணாடிதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. திரும்பி ஓடினார். சாலையோரப் பள்ளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் குப்புற விழுந்து, மூக்கை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, பின்தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அதுவும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

பேருந்துக் கொட்டகையின் கூரை போயிற்று. அவருடைய பிக்கப் வண்டி பேஸ்பால் மைதானத்தில் மல்லாந்து கிடந்தது. பள்ளியில் சில ஜன்னல்கள் தவிரச் சேதமில்லை, ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. சேறும் சகதியுமாகப் பள்ளத்திலிருந்து எழுந்து வந்த பாதுகாப்புப் பொறுப்பாளரை ஷ்டெகர் மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் அந்தச் செங்கல்லில் சிவப்பு ரிப்பன் கட்டி அவர் மேசையிலேயே வைத்திருந்தார்.

ஊர் விடுமா? "ஆர்டித்து, சந்தோஷமா சாத்தினியா?" என்று தேவாலயத்தில் கேட்டார்கள். "முப்பது வருஷப் பழியைத் தீத்துக்கிட்டா" என்றார்கள். லோவல் எல்லோருக்கும் முந்திக்கொண்டார். "யோசிக்கவே இல்லப்பா! என்னை ஒரு பார்வை பாத்தா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கேன் பாரு!" ஆர்டித் இதற்கெல்லாம் சிரிக்கவில்லை.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கதவைத் திறக்கக் கூடாது என்ற விதி சரி. அவள் செய்ததும் சரி. ஆனால் கொஞ்சம் தயங்கியிருக்கக் கூடாதா? ஒரு மூச்சு விடும் நேரம்? கேட்கவும் பயமாக இருந்தது. தயங்கவில்லை என்று சொல்லிவிட்டால் மிச்ச வாழ்க்கையை எந்த முகத்தோடு சிரித்துக் கழிப்பது?

பள்ளி விடுமுறை விட்ட வாரம், சமையலறையில் பெரிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்க அவளுக்குக் கை கொடுக்கப் போனார். வாய் சும்மா இருக்கவில்லை.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே, ஆர்டித். டாட்டாவாவது காட்டியிருக்கலாம்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் திருப்பல. குனிஞ்சேன்."

"எதுக்கு?"

"கீழ்த் தாழ்ப்பாள் தரையில இல்ல இருக்கு? குனியாம எப்படித் தொறக்கறது?"

லோவலும் தன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"கீழத் தொறந்தேன். நடுவுலயும் தொறந்தேன். உன் பிள்ளைங்க பின்னால நின்னுக்கிட்டு, மிஸ்டர் ஹாவ்லிக் தட்டினாலும் திறக்கக் கூடாது, திறக்கக் கூடாதுன்னு கத்துதுங்க. அந்தக் குட்டி மேபல் என் ஏப்ரனப் பிடிச்சு இழுத்துக்கிட்டே கத்துறா. வாயை மூடுடீன்னு கத்தினேன், லோவல். அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட. மேல கை வெச்சுட்டு நிமிந்து பாக்கறேன், நீ இல்ல. போயிட்ட. அதனாலதான் நிறுத்தினேன். விதிக்காக இல்ல." ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "இத்தனை பிள்ளைங்களையும் காத்துக்குக் கொடுத்துட்டு உன்ன எடுத்துக்கப் பாத்தேன். நீ பாட்டுக்கு ஊரெல்லாம் ஜோக் சொல்லிக்கிட்டுத் திரியுற."

லோவலுக்கு ஆனந்தமாகவும் அவமானமாகவும் இருந்தது, ஒரே சமயத்தில். பிள்ளைகளைக் காப்பாற்றியது விதி இல்லை, ஒத்திகை இல்லை. மனைவிக்குத் தன்மேல் அன்பு இல்லை என்று நினைத்து ஒரு மடையன் பள்ளத்துக்கு ஓடியதுதான்.

"விதியை மீறியிருக்க" என்றார் கடைசியில். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எழுதிக்கோ, போ."

"ரெண்டு தாழ்ப்பாளா?"

"ரெண்டு. மூணாவதுல கை."

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல கதையைத் தனக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த பள்ளியாண்டின் முதல் ஒத்திகையில் பிள்ளைகள் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. "மிஸ்டர் ஹாவ்லிக் தட்டமாட்டாரு. அவரு வெளியவே இருக்கமாட்டாரு" என்று மட்டும் சொன்னார். வகுப்புகளைக் கடைசியாகப் பார்த்துவரும் வேலையை ஷ்டெகருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்.

இப்போது சங்கு ஊதினால் டோப்ரி க்ரீக் ஆண்கள் வழக்கம்போல வாசலுக்குப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு மஞ்சள் சட்டை, மழலையர் வகுப்புக்கும் முன்னால், விழுந்தடித்துக்கொண்டு அறைக்குள் ஓடுகிறது. பயந்தாங்கொள்ளி என்று பெரிய வகுப்புப் பையன்கள் சிரிக்கிறார்கள், லோவலும் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே போய் இரும்புக் கதவடியில், ஆர்டித்தின் காலுக்குப் பக்கத்தில், கீழ்த் தாழ்ப்பாளில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்.