முதுகைக் காட்டி அழுகிறவர்கள்

இணை இயக்குநர் வேலை என்பது, இன்னொருத்தர் மண்டைக்குள் ஓடுகிற படத்தை வெயிலில் நின்று தயார் பண்ணிக் கொடுத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிற வேலை. அடுத்தவர் பெயருக்கு உழைக்கிற ஜனங்களே, நீங்கள் மேனேஜருக்காக ரிப்போர்ட் அடிக்கிறவராக இருக்கலாம், பெரிய வக்கீலுக்காகக் கேஸ்கட்டைப் படித்து வைக்கிற ஜூனியராக இருக்கலாம். நான் சொல்வது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

நான் உத்தமபாளையத்துக்காரி. பெயர் செல்வி. எங்கள் டைரக்டர் சார் சின்னமனூர்க்காரர். சினிமாவுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். படம் எல்லாம் சின்னச் சின்னப் படம்தான். வசூல் கிடையாது, மரியாதை உண்டு. எல்லாப் படத்திலும் நான் இருந்தேன், எல்லாப் படத்திலும் ஒரு ஷாட்டும் இருந்தது. அழவேண்டிய ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். முகம் தெரியாது, தோள் மட்டும் குலுங்கும். அந்த ஷாட் என்னை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இது.

கிளிசரின்

முதல் படம், வைகை அணைப் பக்கம் ஷூட்டிங். கதாநாயகி சென்னையிலிருந்து வந்த புதுப் பெண். புருஷன் செத்த செய்தி கேட்டு அழவேண்டும், கண்ணீர் வரவில்லை. கிளிசரின் போட்டோம். போட்ட வேகத்தில் இரண்டு கண்ணும் ஆப்பம் மாதிரி வீங்கிவிட்டது. மேக்கப்மேன் ஐஸ் வைக்கிறார், தயாரிப்பாளர் வாட்சைப் பார்க்கிறார், வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. சார் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். "ஏ புள்ள செல்வி, அந்தப் பிள்ளைய அணையப் பாத்துத் திரும்பி நிக்கச் சொல்லு. தோள மட்டும் குலுக்கச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான் சங்கதி. ஒரே டேக்கில் ஓகே. பிறகு தியேட்டரில் அந்த இடம் வந்தபோது முறுக்குத் தின்றுகொண்டிருந்தவன்கூட வாயை மூடிக்கொண்டான், என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு பேக்கப் ஆனபிறகு அந்தப் பெண் வீங்கிய கண்ணோடு என்னிடம் வந்து கேட்டது: "முதுகுதான் வேணும்னா என்னை எதுக்கு மேடம் சென்னையிலேர்ந்து வரவழைச்சீங்க?"

பேராசிரியர்

மூன்று படம் வந்தபிறகு தேனியில் ஒரு கல்லூரியில் சாரைக் கூப்பிட்டார்கள். விஸ்காம் துறைப் பேராசிரியர் பேசினார். நல்ல மனுஷர், படித்தவர், படங்களை நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தவர். ஆட்டர் தியரி என்று ஒன்றைச் சொன்னார். ஒரு படத்தில் நூறு பேர் வேலை பார்த்தாலும் அதை எழுதுகிறவர் டைரக்டர் ஒருத்தர்தானாம்; எழுத்தாளனுக்குப் பேனா எப்படியோ இவருக்குக் கேமரா அப்படி. ஒரு படத்தை வைத்து அந்த ஆளைப் பிடிக்க முடியாதாம். எல்லாப் படத்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒன்று வரும், அதுதான் அவர் முத்திரை. சொல்லிவிட்டுத் திரையில் மூன்று முதுகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். "துக்கத்தை வேடிக்கைப் பொருளாக்க மறுக்கிற அறம்" என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

நான் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன். முதல் முதுகு கிளிசரின். இரண்டாவது முதுகு, அந்தக் கிழ நடிகருக்கு அன்றைக்குப் பல்செட் உடைந்துபோனது. மூன்றாவதில் மட்டும் ஒரு கோளாறும் இல்லை. நல்ல நடிகை, கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, ஆனாலும் சார் திருப்பி நிற்கவைத்தார். ஏன் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

திரும்பும்போது காரில், வீரபாண்டி தாண்டியதும் சார் கேட்டார்: "ஏ புள்ள, நெசமாவே நாம அம்புட்டு யோசிச்சா எடுத்தோம்?"

சாவு வீட்டுக் கூட்டம்

நாலாவது படத்துக்கு மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு சாவு வீடு எடுத்தோம். உள்ளூர்ப் பெண்களையே அழ வைத்திருந்தோம். அகலமான ஷாட், எல்லா முகமும் தெரியவேண்டும். நான்தான் ஒவ்வொருத்தரையும் பிடித்துப் பிடித்து இடம் பார்த்து உட்காரவைத்தேன். ஆக்‌ஷன் சொன்னதும் மொத்தப் பெண்களும் எழுந்து கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்பாரி வைத்தார்கள். அதுகூடப் போகட்டும், பிணமாகப் படுத்திருந்தவரும் தன் பங்குக்குச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துக்கொண்டார்.

யூனிட்டே உருண்டு புரண்டு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், பிணம் புரள்வதற்கு முந்தின துண்டைப் பிறகு படத்திலேயே வைத்துக்கொண்டார். நான் போய்க் கத்தியதில், முன்னால் நின்ற பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "ஒங்க டைரக்டரு படத்துல அழுகுறவுக திரும்பித்தான நிப்பாக, எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

பாதியில்

அஞ்சாவது படம். ஏலத் தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போன ஜீப் கவிழ்ந்து மகள் செத்துப்போகிறாள், அம்மாக்காரியின் கதை. இங்கன உள்ளவர்களுக்கு விளக்கம் வேண்டாம், விடிகாலையில் குமுளி ரோட்டில் ஆள் பிதுங்க ஏறுகிற ஜீப்பைப் பார்க்காதவர்கள் யார். பாதிப் படம் முடிந்திருந்தது. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் சார் "ஸ்டார்ட்" என்று சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போயிற்று. தேனி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள்.

தயாரிப்பாளர் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே, "நீதான் முடிக்கணும் செல்வி" என்றார். மறைப்பானேன், உள்ளே சார் வாய் கோணிக் கிடக்கிறார், வெளியே நான் டைட்டிலில் என் பேரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் தனிக் கார்டில் என் பேர் வந்ததே இல்லை. இணை, உதவி என்கிற கூட்டத்தில் நாலாவதாக ஓடும், ஜனம் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் போய்விடும். ஒரு கார்டு தனியாக வந்தால்தான் அடுத்து எனக்கென்று ஒரு படத்தை யாரிடமாவது கேட்க முடியும். "நிறைவு செய்தவர்னு என் பேரு வரணும்ணே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவுக வீட்ல சரின்னா போட்டுக்க. ஆனா படம் அவரு மாதிரியே இருக்கணும், ஒம் மாதிரி எதையாச்சும் எடுத்துக் கெடுத்துறாத."

பேச்சியம்மா

பேராசிரியர் சொன்ன தியரியை உலகத்திலேயே ஒழுங்காகப் பின்பற்றிய ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும், சார் இருந்தால் கேமராவை எங்கே வைப்பார், எவ்வளவு நேரம் ஓடவிடுவார் என்று யோசித்து யோசித்து வைத்தேன். நகத்தைக்கூடக் கடிக்க ஆரம்பித்துவிட்டேன். கேமராமேன் ஒருநாள், "சார் போகவே இல்லம்மா" என்றார். சந்தோஷப்படவா, தூக்குப் போட்டுக்கொள்ளவா என்று தெரியவில்லை.

அம்மாவாக நடித்தது பேச்சியம்மா. நடிகை இல்லை, திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிறவர். சாரே பார்த்துப் பிடித்தது. கூடப் பிறந்த தங்கச்சியை ஜீப் விபத்தில் பறிகொடுத்தவர். கடைசிக் காட்சி, பந்தலுக்கு அடியில் மகளின் உடலுக்காகக் காத்து நிற்கிறார், தூரத்தில் வண்டி வருகிறது. சந்தேகமே இல்லாமல் கேமராவைப் பின்னால் வைத்தேன். ஒத்திகையில் பேச்சியம்மா தானாக அழ ஆரம்பித்துவிட்டார். உடம்பு நடுங்குகிறது, எங்களுக்கு முதுகு மட்டும் தெரிகிறது. கட் சொன்னேன்.

கண்ணைத் துடைக்காமலே திரும்பினார். கோபமாக இல்லை, புரியாமல் கேட்டார்: "ஏத்தா, நான் அழுகுறத அப்ப யாரு பாக்குறது? ஏஞ் சீலையவா பாப்பாக?"

லேப்டாப்

கேமராவைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னால் வைத்தேன். சார் இதை வைக்கவே மாட்டார் என்று கேமராமேன் முனகினார். தெரியும், ஓடவிடுங்க என்றேன். அந்த முகத்தை எடுத்தேன். கட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் படத்தில் நானாக எடுத்த ஷாட் அது ஒன்றுதான்.

எடிட்டிங் முடித்து லேப்டாப்பில் சின்னமனூருக்குக் கொண்டுபோனேன். சாரை மூன்று தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். மனைவி ஈஸ்வரியக்கா பக்கத்தில் துண்டோடு. நான் எடுத்த பாதியையும் தான் எடுத்ததாகவே நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. நல்ல இடம் வந்தால் இடது கையால் கட்டிலைத் தட்டினார். கடைசியில் பேச்சியம்மா முகம் வந்தது. சார் கழுத்து நரம்பு புடைக்க, முடியாத உடம்பைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். படம் முடிகிறவரை திரும்பவே இல்லை. வலிப்பு வந்துவிட்டது என்று நான் பதறி எழுந்தேன்.

அக்கா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். "பயப்படாத. எங்கய்யா செத்தன்னிக்கு நான் அழுதப்பவும் இப்படித்தான் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாக. ஒருத்தர் அழுகுறத அவுகளால பாக்க முடியாது, கல்யாணமான நாள்லருந்தே அப்படித்தான்" என்றார். மூன்றாவது படத்து முதுகு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தேனே, அவர் சொன்னதில் பாதி உண்மை. கிளிசரின் அன்றைக்கும் நகம் கடித்துக்கொண்டிருந்தது, அழுகையைப் பார்க்கமுடியாத இதே சார்தான்.

கார்டில் என் பேர் வருவதைப் பற்றி அக்காவிடம் முன்பே போனில் கேட்டிருந்தேன். அக்கா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவுக எடுத்திருந்தா அந்த மொகத்தக் காட்டியிருக்க மாட்டாக. இது ஒம் படந்தான் ஆத்தா, எனக்குத் தெரியும். ஆனா வெளிய சொல்லிராத, அவுகளுக்கு மிச்சம் இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான்."

மறுபடியும் பேராசிரியர்

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. படுத்துக்கிடக்கிற ஆளோடு எந்தச் சண்டையைப் போடுவது? கார்டு வேண்டாம் என்று தயாரிப்பாளருக்குப் போன் பண்ணினேன். அவர் சந்தோஷமாக வைத்துவிட்டார்.

படம் வந்தது. முன் எந்தப் படத்துக்கும் கிடைக்காத பேர் சாருக்குக் கிடைத்தது. விழுவதற்கு முன்பே முழுசையும் எடுத்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அதே கல்லூரியில் கூட்டம். சார் கட்டிலில்தான்; அவருக்குப் பதில் ஈஸ்வரியக்கா முன்வரிசையில், பக்கத்தில் நான். பேராசிரியர் நான்கு முதுகுகளைக் காட்டிவிட்டுக் கடைசியில் பேச்சியம்மா முகத்தைப் போட்டார். வாழ்நாளெல்லாம் முகத்தை மறைத்த கலைஞர், தன் முடிவை உணர்ந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டிவிட்டார் என்றார். எந்த உதவியாளருக்கும் இந்தத் துணிச்சல் வராது, தன் முத்திரையை உடைக்கிற உரிமை அதைப் போட்டவருக்கு மட்டுமே உண்டு என்றார். முதுகை எடுத்தாலும் அவர் படம், முகத்தை எடுத்தாலும் அவர் படம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிறகு என் பக்கம் திரும்பினார். "கூடவே இருந்தவங்க நீங்க. அந்த ஷாட் வைக்கும்போது சார் என்ன சொன்னார்?" மைக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் பேனாவோடு காத்திருக்கிறார்கள். ஈஸ்வரியக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது, ஈரமாக இருந்தது. நான் எழுந்து, "அன்னிக்கு சார் ஒரு வார்த்தகூடப் பேசலைங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பேராசிரியர் பூரித்துப்போய்ப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்குங்க, உண்மையான படைப்பாளி விளக்கம் சொல்லமாட்டான்!"

போன வாரம், நான் படமாக எடுக்க வைத்திருக்கிற கதையைக் கேட்ட ஒரு தயாரிப்பாளர், எல்லாம் சரிதான், தனியாக இதுவரைக்கும் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.