பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளும் ஜாதிக்காய்க் கஷாயமும்

மலாக்காவின் காஜா பேராங்கில் துணி வெளுத்துப் பிழைத்த சுப்பையன், நாற்பத்தாறு வயதுவரை தூக்கத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்கத் தொடங்கியதும் அது போய்விட்டது. இது 1943இல் நடந்தது.

ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம். செங், குருபோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆண்களை ஏற்றிப் போனார்கள். போனவர்களில் ஒருவரும் கடிதம் போடவில்லை. சுப்பையனைக் காப்பாற்றியது சிவப்பு முத்திரை குத்திய ஒரு காகிதம். அதிகாரிகள் தங்கியிருந்த பங்களாவுக்கு அவன் துணி வெளுக்கிறான், அவனைத் தொடக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அவனால் அதைப் படிக்க முடியாது. வாங்கிப் பார்த்த யாராலும் முடியவில்லை. அதனாலேயே அவனுக்கு அந்தக் காகிதத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை.

லாரிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்ததில் முதலில் பாதி இரவு போயிற்று, பிறகு முழு இரவும் போயிற்று. ஒருநாள் கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நின்றபடியே கண் செருகி, ஒரு சட்டையின் காலர் தீய்ந்துவிட்டது. துணி எடுக்க வந்த சிப்பாய் அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். பிறகு வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "சயாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தூங்கினால்தான் கை நிதானமாக நிற்கும். கை நின்றால்தான் காகிதம் நிற்கும். கணக்கு அவனுக்குத் தெளிவாகவே புரிந்தது. ஆனால் தூங்கியே ஆக வேண்டும் என்று படுப்பவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

பத்து பெரெண்டாம் கிராமத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு கொண்டுவரும் அவன் அக்காள் மகன் மருதமுத்து ஒரு வைத்தியம் சொன்னான்.

"உள்ளங்கால்ல தேங்காயெண்ணெய தேய்ச்சிட்டுப் படு மாமா. கட்டை மாதிரி தூங்குவ."

"எண்ணெய் எங்கடா இருக்கு? தாளிக்கவே இல்ல."

"அப்ப கால வெந்நீர்ல வை."

வெந்நீரில் வைத்தான். கால்கள் மட்டும் தூங்கின என்று மனைவி கண்ணம்மாவிடம் சொன்னான். கசகசாவை அரைத்துக் குடிக்கலாம் என்றால், இந்தியாவிலிருந்து கப்பல் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. முருங்கைக்கீரையை இரவில் தின்று பார்த்தான். வயிறுதான் விழித்துக்கொண்டது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்து மீனாச்சி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி. பல தலைமுறைகளாக மலாயாவிலேயே வாழும் மலாக்காச் செட்டி குடும்பம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கைலி. தமிழில் சாமி பெயர்களைத் தவிர அதிகம் தெரியாது. செட்டிகள் வீட்டில் பேசும் மலாயில்தான் பேசுவாள், சுப்பையனும் கண்ணம்மாவும் கடைத்தெருவில் பழகிய பசார் மலாயில் பதில் சொல்வார்கள்.

"டோபி, நீ ராத்திரி தூங்குறதில்ல. இதக் குடி" என்றாள். ஜாதிக்காயை உரசிப் போட்டு, தொட்டாற்சுருங்கி வேரோடு கொதிக்கவைத்த கஷாயம். பழுப்பாக இருந்தது. "இலையக் கொஞ்சம் பாய்க்கு அடியிலயும் வை. அது சாயங்காலம் தானே மூடிக்கும் பாரு, அதுபோல உன் கண்ணும் மூடிக்கும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். அவள் போனதும் கண்ணம்மாவிடம் திரும்பினான்.

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"அப்ப நான் முழிச்சிருக்கிறது இவளுக்கு எப்படித் தெரியும்?"

 பதிலைச் சுப்பையனே கண்டுபிடித்துவிட்டான். மீனாச்சியின் ஒரே மகன் தம்பிராஜா தினமும் காலையில் சைக்கிளில் ஜப்பான்காரர்களின் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன். நாலு மாதமாகக் கண்ணில் படவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சைக்கிள் இல்லாத காலத்தில் ஒருவனிடம் சைக்கிள் இருந்தால், அவன் யாரையோ காட்டிக்கொடுத்திருக்கிறான் என்பது அப்போது ஊரில் எல்லோரும் போட்ட கணக்கு. மகன் பெரிய இடத்துக்குப் போய்விட்டான், அம்மா இங்கே வேவு பார்க்கிறாள். தன்னை மயக்கிப் படுக்கவைத்தால் பெட்டியிலிருக்கும் காகிதத்தை எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்துவிடலாம். சந்தேகத்துக்குத் தேவையான எல்லாத் துண்டுகளும் அவன் கையில் இருந்தன. ஒன்றோடொன்று பொருந்தவும் செய்தன. பொருந்துவது ஒன்றே உண்மைக்குப் போதாது என்பது தூங்காத மூளைக்கு எட்டவில்லை.

மறுத்தால் பகையாகும், குடித்தால் ஆபத்து. இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். தினமும் சாயங்காலம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போவான். தரையில் ஊற்றினால், கொல்லைக் கிணற்றில் தண்ணீர் சேந்த வரும் மீனாச்சி கறையைப் பார்த்துவிடுவாள். ஆகவே மூடிபோட்ட சாம்பல் தண்ணீர்த் தகர டின்னில் ஊற்றினான். சவுக்காரம் கிடைக்காத அந்த நாளில் அழுக்கு எடுக்க விறகுச் சாம்பலைத்தான் கரைத்து வைத்தார்கள். அது ஏற்கெனவே பழுப்பு. கஷாயம் அதில் காணாமல் போயிற்று. பிறகு வாயைத் துடைத்தபடி வந்து காலிக் கிண்ணத்தைக் கொடுப்பான்.

"எப்படி?" என்பாள் மீனாச்சி.

"கொஞ்சம் தேவல" என்பான்.

நாலாம் நாள் மத்தியானம் துணிக்குக் கஞ்சி போடும் பானை விரிசல் விட்டது. கண்ணம்மா சாம்பல் தகரத்தைக் கழுவி, காய்ச்சிய மரவள்ளிக் கஞ்சியை அதில் ஊற்றி மூடிவைத்தாள். இதைப் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் அவன் மூடியை ஒரு விரற்கடை தூக்கி, வழக்கம்போல ஊற்றிவிட்டு வந்தான்.

கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். காலை ஏழு மணி என்றால் வெளியே இருட்டு. மறுநாள் அந்த இருட்டில், விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாததால், கண்ணம்மா கைப்பழக்கத்திலேயே அதிகாரிகளின் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளையும் கஞ்சியில் முக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். வெயில் ஏறியபோது பன்னிரண்டும் தேநீரில் ஊறிய மாதிரி தொங்கின.

அவள் ஒரு சட்டையின் கையை இழுத்து முகர்ந்தாள்.

"ஜாதிக்காய் வாசனை வருது."

சுப்பையன் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

"ஏன் அப்படி நிக்கிற? குடிச்சியா இல்லியா?"

"ஊத்திட்டேன்."

"எதுல?"

அவன் தகரத்தைக் காட்டினான். கண்ணம்மா கொடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நல்லது. இன்னிக்கு சட்டையெல்லாம் நல்லாத் தூங்கும். உன்னத்தான் சயாமுக்கு எழுப்பிக்கிட்டுப் போவான்."

 சிப்பாய் நாலு மணிக்கு வருவான். இருவரும் சட்டைகளைப் பிடுங்கி, கஞ்சி போகுமட்டும் அலசினார்கள். சுப்பையன் புதிதாகச் சாம்பல் கரைத்து, அதில் போட்டுக் கல்லில் அடித்தான். கறை மங்குவதற்குப் பதில் இன்னும் அழுத்தமாயிற்று.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மீனாச்சி உள்ளே போனாள். போய்விட்டாள், ஜப்பான்காரர்களிடம் சொல்லத்தான் போகிறாள் என்று சுப்பையன் நினைத்தான். ஒரு கூடை நிறைய பிலிம்பிங் காயோடு அவள் திரும்பி வந்தாள். விரல் நீளத்தில் பச்சையாக இருக்கும், கடித்தால் பல் கூசும், மீன் குழம்புக்குப் போடுகிற காய்.

"சாம்பல் வேணாம். புளிப்பு வேணும்" என்றாள். கறை எதனுடையது என்று அவள் கேட்கவில்லை. வாசனை வேலியைத் தாண்டி வந்திருந்தது.

"புளிப்பு நூலைத் தின்னுடும். ஓட்டை விழும்" என்றான் சுப்பையன்.

"என் கல்யாண கெபாயாச் சட்டை முப்பது வருஷமா இதுலதான் வெளுக்குது."

"கெபாயாவுக்காக எவனும் அறைய மாட்டான், பீபிக்" என்றான். வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கண்ணம்மா கூடையைப் பிடுங்கினாள். "உனக்கு வேற வழி இருந்தாச் சொல்லு. இல்லாட்டி நகரு."

அப்போதும் அவன் நேராக முக்க விடவில்லை. ஒரு சட்டையின் கீழ்வாலை, கால்சட்டைக்குள் மறையும் இடத்தை, டோபிக் குறி போட்டிருக்கும் மூலையை எடுத்து, நசுக்கிய காயால் தேய்த்து வெயிலில் பிடித்தான். பழுப்பு வெளிறி மஞ்சளாயிற்று. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். நூல் விடவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்து தேய்த்தார்கள். விரல்களிலிருந்த வெடிப்புகளெல்லாம் எரிந்தன. ஏழாவது சட்டையின்போது சுப்பையன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"நான் முழிச்சிருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ இருமுவ. எந்திரிச்சுக் கதவத் தொட்டுப் பார்ப்ப. மறுபடி இருமுவ." கையிலிருந்த சட்டையைத் திருப்பிப் போட்டாள். "தூங்குறவ காதுல இதெல்லாம் விழுமா, டோபி?"

கண்ணம்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"தம்பிராஜா சிங்கப்பூர்ல இல்ல" என்றாள் மீனாச்சி. "சயாமுக்கு ஆள் குறைஞ்சதுன்னு, கணக்குச் சரி பண்ண ஆபீஸ்ல இருந்த அவனையும் லாரில ஏத்திட்டான். சைக்கிள எடுத்துக்கிட்டான். சயாம்னு வெளிய சொன்னா, செத்துட்டான்னு எல்லாரும் துக்கம் கேக்க வருவாங்க. அதான்."

தான் விழித்திருப்பதை ஒருத்தி அறிந்திருந்தால், அவளும் விழித்திருக்க வேண்டும். இவ்வளவு எளிய விஷயம் எத்தனையோ இரவுகள் யோசித்தவனுக்குத் தோன்றவில்லை. அவன் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டான். 

சிப்பாய் வந்தபோது கடைசிச் சட்டையில் இஸ்திரிச் சூடு ஆறவில்லை. இரண்டு சட்டைகளின் அக்குளில் மஞ்சள் மிச்சம் இருந்தது. அவற்றை அடுக்கின் நடுவில் வைத்திருந்தார்கள். சிப்பாய் மேலே இருந்ததை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். சுப்பையன் தன் கன்னத்தை இறுக்கிக்கொண்டான். சிப்பாய் முகத்தைச் சுளித்து, சட்டையை வைத்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலமும் கிண்ணம் வந்தது. சுப்பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீயும் இதக் குடிக்கிறியா?"

"தினமும் குடிக்கிறேன்."

"தூக்கம் வருதா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்குக் குடுக்குற?"

மீனாச்சிக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"உனக்கென்ன, உன் ஆளுங்க எல்லாம் வீட்டுக்குள்ளதான இருக்காங்க? உனக்கு வேலை செய்யும். குடி."

அவன் கிண்ணத்துக்குள் ஒருமுறை பார்த்தான். கொல்லைப் பக்கம் போகாமல், அவள் முன்னாலேயே நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தான். மிகவும் கசப்பாக இருக்கிறது என்றான்.