சிட்னிக்கு மூன்று நாள்

சென்னையிலிருந்து சிட்னி போக மூன்று நாள் ஆகும் என்று மனைவியிடம் பொய் சொன்னேன். முப்பது வருடம் புவியியல் நடத்திய வாத்தியாரை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கே மகளுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு அம்மாவை அழைத்திருந்தாள். எனக்கோ சமைக்கத் தெரியாது.

"அறுநூறு கிரிவலத்துக்கு மேல தூரம். மூணு நாளும் உக்காந்தே போவணும்" என்றேன்.

மாதாமாதம் மலையைச் சுற்றி நடப்பவள். ஒரே இடத்தில் உட்காரத்தான் முடியாது. பெட்டியைப் பிரித்துவிட்டாள். மகள் துணையில்லாமல் பிள்ளை பெற்றாள்.

தூரம் உண்மைதான். ஆனால் சிங்கப்பூரில் விமானம் மாறினால் பதினாறு மணி நேரம் போலத்தான் ஆகும்.

பேரனுக்கு ஆறு வயதான பிறகு, ஒரு பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் இதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். இருவருக்கும் டிக்கெட் போடுகிறேன் என்றேன். நின்று என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் போடுங்க. உங்களுக்குத்தான் மூணு நாள் ஆவுமே!"

போட்டேன். சிட்னியில் இறங்கியதும் போன் செய்தாள். "நல்லா தூங்கிட்டே வந்துட்டேன். நீங்க சாப்டீங்களா, வாத்தியாரே?"

ஒரு மாதத்துக்குப் போனவள் இப்போது மூன்று மாதம் என்கிறாள். நான் சுமாராக ரசம் வைக்கிறேன். பேரன் தினமும் பேசுகிறான். மகள் இன்னும் என்னோடு பேசப் போனை வாங்கவில்லை.