கதவோரத்துச் சுவர்

கல்லூரியில் கட்டடப் பொறியியல் நடத்துகிறவன் நான். என் மனைவியின் அண்ணன் திருச்செங்கோட்டில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர். பத்தாவதோடு படிப்பை விட்டவர். காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தூங்குகிற மாதிரி ஒரு சின்ன வண்டி செய்ய எனக்கு ஆசை வந்தபோது, அடிச்சட்டத்தையும் சக்கரத்தையும் அவர்தான் செய்துகொடுத்தார். சுவர்களை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். தெர்மாகோல் பலகைகளை ஒட்டி, பசையில் நனைத்த துணியை மேலே இழுத்துப் போர்த்தி, பெயின்ட் அடித்தேன்.

கதவுக்காக நான் வெட்டியிருந்த இடத்தை அவர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“மாப்ள, மூலைக்கும் கதவோரத்துக்கும் மட்டும் சதுரப் பைப்பு உட்டுக்கலாமுங்க. வெட்டுன எடத்துல செவுத்துக்குப் பலமே இல்லீங்க.”

“துணிதான் மச்சான் பலம். பைப் போட்டா வெயிட் ஏறிடும். கணக்குப் போட்டுத்தான் பண்ணியிருக்கேன்” என்றேன். கணக்கு எதுவும் போடவில்லை. நாலைந்து வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

மேட்டூருக்குப் போனோம். வழியில் போர்வெல் லாரிகள் கடக்கும்போதெல்லாம் சுவர் உப்பி அடங்குவது கண்ணாடியில் தெரிந்தது. பார்க்காததுபோல் ஓட்டினேன். அணைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும், உள்ளே போய்ப் பாய் எடுத்த மனைவி, இறங்கும்போது கதவோரத்தைப் பிடித்தாள். மேல் மூலையிலிருந்து சுவர் பிளந்து, அவளோடு சேர்ந்து வெளியே சாய்ந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கூட்டம் கூடியது. “இதென்னங்க, தெர்மாகோலா?” என்று யாரோ கேட்டார். என் வாயில் உடனே வந்தது: “அடிச்சட்டம் முறுக்கிடுச்சுங்க. பட்டறையில சரியாப் போடல.”

வலியோடு மனைவியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடிச்சட்டத்தில் நூல் பிடித்துப் பார்த்தார்; நேராகத்தான் இருந்தது. கட்டுப்போட்ட கையோடு வந்து நின்ற தங்கை, “ஏண்ணா, எனக்குச் செய்யறதையாச்சும் ஒழுங்காச் செய்யக் கூடாதா?” என்று கேட்டாள்.

அவர் நூலைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கவேண்டிய நேரம் அது. செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“ஆமாஞ் சாமி, என் தப்புத்தான். சரிபண்ணித் தாரேன்” என்றார் தங்கையிடம்.

பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது. மூலைகளிலும் கதவைச் சுற்றியும் பைப் வைத்து, அதன்மேல் என் தெர்மாகோலையே திரும்பப் பொருத்தியிருந்தார். கதவோரத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. எடை கூடியது காருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இரண்டு வருடமாகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில், புது வீட்டுக்குக் கேட் செய்ய யாரிடம் கொடுக்கலாம் என்று அவளுடைய சித்தி கேட்டார். “எங்கண்ணங்கிட்ட மட்டும் வேண்டாம்” என்று சொல்லிச் சிரித்தாள். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன்.