கழற்றிய மூக்குக்கண்ணாடி

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கு டேப்லெட்டில் படம் வரையும் பித்து. இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து என்ற நினைப்பில், சட்டைக்குப் பட்டன் தைக்கும் முதியவரின் புகைப்படம் ஒன்றின் மேல் அப்படியே கோடு இழுத்து, நிறம் பூசி, தன் பெயரில் போட்டாள். கீழே ‘அனுமதியின்றி எடுக்காதீர்கள்’ என்று அதட்டல் வேறு! பாராட்டு குவிந்தது.

மறுநாள் கிளினிக்கில் செல்பேசியைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் செய்தி.

“அது நான் எடுத்த போட்டோங்க. அவரு எங்க அப்பா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். அது போகட்டும், அவரோட கண்ணாடியை ஏன் கழட்டினீங்க? அது இல்லாம அவருக்கு ஊசிக் காதே தெரியாதுங்க.”

காத்திருந்தவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடியில் விழும் வெளிச்சம் அவளுக்கு வரைய வராது. அதனால்தான் கழற்றினாள். அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?