பனி பூட்ஸ்

பிளஸ் டூ முடிச்சிட்டு ஆர்மிக்குப் போலாமா வேணாமான்னு குழம்பிக் கிடந்த சமயம். பயம் ஒண்ணே ஒண்ணுதான்: பார்டர்ல கொண்டுபோய்ப் போட்டுட்டா? தினமும் விடிஞ்சதும் பாலாத்து மணல்ல ஓடுவேன். விசில் ஊதுறது எங்க தாய்மாமா, ஆர்மியில இருந்து ரிட்டயர் ஆனவர்.

"பார்டர்லாம் போட மாட்டாங்கடா. சர்வீஸ் பூரா நான் ஸ்டோர்லதான் இருந்தேன். அரிசி மூட்ட எண்ணுறதுதான் வேல" அப்படின்னு அடிச்சிச் சொல்வார்.

எனக்கு நம்பிக்கையே இல்ல. எந்த ஊர் ஸ்டோர் மாமான்னு கேட்டா "வடக்க"ம்பார். வடக்கன்னா எங்கன்னு கேட்டா டீ ஆறிப்போவுதுன்னு எழுந்துடுவார். கழுவுற மீன்ல நழுவுற மீன்! அரிசி எண்ணின ஆளுக்கு இவ்ளோ முழுங்க இன்னா இருக்கு?

அம்மாவுக்கு ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலை. ஒருநாள் கம்பெனி பஸ்ல இருந்து இறங்கினதும் இறங்காததுமா, "டேய், ஆர்மி வேணாம். சண்ட வரப்போவுது"ன்னுச்சி.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பூட்ஸுக்குள்ள வைக்கிற கம்பளி தச்சினு இருக்கோம், பனிக்குப் போடுறது. ஓவர்டைம் வேற. இம்மாம் அவசரம் எதுக்கு? புள்ளைங்கள பனி பார்டருக்கு அனுப்பத்தான்."

வெளிநாட்டு ஆர்டர்னு சூப்பர்வைசர் சொன்னாராம். "அவன் நெசத்தச் சொல்லுவானா?" அம்மாவோட தைக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் அதையே சொன்னாங்களாம். சிரிச்சேன். ஆனா மறுநாள் ஓடப் போனப்ப, எந்த ஊர் ஸ்டோருன்னு மாமாவ மறுபடியும் கேட்டேன்.

தையல் கோணலான ஜோடிங்கள கம்பெனியில வேலை செய்றவங்களுக்கே கம்மி விலைக்குக் குடுப்பாங்க. வீட்டுக்கு வந்தா ஆளாளுக்குப் போட்டுப் பாப்போம். மாமா மட்டும் தொடவே மாட்டார். கத்திரி வெயில்லயும் கால்ல சாக்ஸ். கேட்டா மிலிட்டரி பழக்கமாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை, சாட்சி காட்டுற மாதிரி அந்த பூட்ஸ்ல ஒரு ஜோடிய அம்மா எங்க முன்னாடி வச்சுச்சி. உள் கம்பளி மட்டும் தைக்கிற அம்மா, முழு பூட்ஸ அப்பதான் பாக்குது. மாமா கையில எடுத்தார். குதி நாலு விரல் உயரம்.

"அக்கா, இது பொம்பளைங்க போடுறதுக்கா! இத்தப் போட்டுனு எவன் சண்ட போடுவான்?"

அம்மாவே சிரிச்சிடுச்சி. மாமாவுக்கு சிரிப்பு அடங்கல. "பனி பூட்ஸ் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுவே ஈரமாச்சின்னா வெரல்..."

டக்குனு நிறுத்திட்டார்.

"அரிசி எண்ணினவனுக்கு அது எப்டிடா தெரியும்?"ன்னு அம்மா கேட்டுச்சி.

மாமா எழுந்துக்கப் பாத்தார். அம்மா விடல. கீழ உக்காந்து அவர் சாக்ஸப் புடிச்சி இழுத்துச்சி. இடது கால்ல மூணு வெரல் இல்ல.

"பனியில கருகிடுச்சிக்கா. நீ பயந்துக்குவன்னு சொல்லல."

"பாவி! இத்தினி வருசமா அரிசி அரிசின்னியேடா." அம்மா அவர் கால மடியில வச்சினு ரொம்ப நேரம் தடவுச்சி. அப்புறம் என்னைப் பாத்து, "போறதுன்னா போ, தடுக்கல. ஆனா எங்க போட்டாலும் எங்கிட்ட நெசத்தச் சொல்லணும்"ன்னுச்சி.

"சொல்றேம்மா"ன்னேன்.

அம்மா என் மூஞ்சையே பாத்துச்சி. நம்பல. அரிசி ஸ்டோருன்னா இனிமே எடுபடாது, வேற இன்னா சொல்லலாம்னு நான் அப்பவே யோசிச்சினு இருந்தேன்.