செவ்வந்தி வீட்டுக் காப்பு

என் அண்ணன் பெண்டாட்டி செவ்வந்தியை நான் நங்கை என்று கூப்பிடுவேன். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் தைரியசாலி என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக்கைப் பிடித்துப் பேசினாள், இலங்கைக்காரனை நாடுகடத்த விடாமல் நிறுத்தினாள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அத்தனையையும் அவள் வயிற்றெரிச்சலோடுதான் செய்தாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற எனக்குத் தெரியாதா?

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, தறிக்குடோன்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. நானும் நங்கையும் ஒரே குடோனில் தார் சுற்றுகிறோம். தறியில் ஓடுவதற்கான நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கும் வேலை. என் அண்ணன் கதிரேசன் கோயம்புத்தூர் உக்கடத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனமும் நடத்துகிறான். நங்கையை அறுத்து விடவும் இல்லை, வைத்து வாழவும் இல்லை. கூடப் பிறந்த தங்கச்சி என்பதற்காக நான் அவனுக்குப் பரிந்து பேசப் போவதில்லை.

பெண்டாட்டிக்குப் பயப்படாத என் அண்ணன் மாரியம்மனுக்குப் பயப்படுவான். எங்கள் தெருக் கோயிலில் பங்குனி நோம்பித் திருவிழாவுக்கு நாலு வீட்டு ஆண்கள் காப்புக் கட்டிக்கொண்டு, கோயில் முன்னால் நட்ட வேப்பமரக் கம்பத்தைச் சுற்றி ஆட வேண்டும். அந்த நாலில் எங்கள் அப்பா வீடும் ஒன்று. அப்பாவுக்குப் பிறகு அண்ணன். கம்பம் நடும் நேரத்தில் ஊருக்குள் இருக்கும் எங்கள் ஆண்கள் யாரும் நோம்பி முடியும்வரை பதினைந்து நாளும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. காப்புக் கட்டினவனுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். படுக்கை கோயில் மண்டபத்தில், சாப்பாடு ஒருவேளை மட்டும், அதுவும் காப்புக்குரிய வீட்டில்தான்.

அந்த ஒருவேளைச் சோற்றுக்காகத்தான் நங்கை வருஷம் முழுவதும் காத்துக் கிடப்பாள். மாசி பிறந்ததுமே அரிசி புடைக்க ஆரம்பித்து விடுவாள். அண்ணன் வந்து தலையைத் தூக்காமல் தின்றுவிட்டுப் போவான். இவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் குடோனில் பிரவீனா என்று ஒருத்தி. அவள் புருஷன் உதய் அங்கேயே தறி ஓட்டுகிறான். கைக்குழந்தையாய் இலங்கையிலிருந்து வந்து இங்கே அகதி முகாமில் வளர்ந்தவன். நடுவில் அவன் அம்மா சொந்த மண்ணில்தான் கண்ணை மூடுவேன் என்று அடம்பிடித்ததால் மன்னாருக்கு அழைத்துப் போனான். அவளை அடக்கம் செய்துவிட்டு விசா வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். பிரவீனாவைக் கட்டினான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. விசா முடிந்தது. நீட்டித்துத் தரவில்லை. திரும்பிப் போனவன் பழைய அகதிக் கணக்கிலும் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். நாட்டை விட்டு வெளியேறு என்று நோட்டீஸ் வந்த அன்று, பிரவீனா தார் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பியது நங்கை. எழுந்தவள் சொன்ன முதல் வார்த்தை, "அவரில்லாம நா ஒரு நாளும் இருக்க மாட்டனுங்க்கா." நங்கையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவளே பிரவீனாவை இழுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். வக்கீல் ரசாக்கைக் கண்டுபிடித்தாள். அவர் காசைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் சென்னை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். "கோர்ட்டு ஒரு பக்கம் நடக்கட்டும்மா. ஊர் சத்தம் போட்டாத்தான் அவங்க அவசரப்பட மாட்டாங்க" என்றும் சொல்லிவிட்டார். நங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்ததும் குடோன் குடோனாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். இதே மாதிரி நோட்டீஸ் வந்த குடும்பங்கள் திருப்பூரிலும் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர்களையும் சேர்த்தாள். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து, "குடும்பத்தைப் பிரிக்காதே!" என்று கத்தினாள். டிவிக்காரர்கள் வந்தார்கள். தெருவே அவளைத் தேடியது. நானும்தான் கூடவே போய் வெயிலில் காய்ந்தேன், என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவளுக்கு எரிந்ததற்கு முன்னால் என் எரிச்சல் ஒன்றுமே இல்லை. மனு கொடுக்கப் போகிற இடத்திலும் அந்த இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். டீ வாங்கினால் உதய் ஆற்றிப் பிரவீனாவிடம் கொடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுப்பான். ஒருநாள் நங்கை பொறுக்க மாட்டாமல், "ஏங்கண்ணு, மனுக் குடுக்கவும் கையப் புடிச்சுக்கோணுமா? அக்கட்டத் தள்ளி நில்லு" என்று இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். பத்திரிகையில் வந்த போட்டோவில் மூவரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அதிகாரி முன்னால் உதய் ஒரு தடவை உடைந்து அழுதுவிட்டான். "என்னை ஜெயில்ல வேணுமெண்டாலும் போடுங்கோ ஐயா. வெள்ளிக்கிழமையில இவளும் பிள்ளையும் வந்து பாக்கிற தூரத்தில போடுங்கோ, அது போதும்." அன்று வீட்டுக்கு வந்த நங்கை சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் வீசினாள்.

"என்ன நங்கை, கிறுக்குப் புடிச்சுருச்சா?" என்று ஓடினேன்.

"ஆமா அன்பு, கிறுக்குத்தான். போ போன்னு கவருமெண்டே தொரத்துது, அவன் பொண்டாட்டிய உட்டுப் போக மாட்டேங்கறான். இங்க ஒருத்தரு... ஆதார் இருக்குது, ரேசன் கார்டு இருக்குது, உக்கடத்துல இருந்து ஒரே பஸ்சு. வாரதுக்கு ஆரு தடுத்தா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் பொம்பளைதான? எனக்கு எரியாதா?"

பானைச் சில்லுகளைப் பொறுக்கிப் போட்டேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் பிரவீனா வீட்டுக்குத்தான் போனாள்.

பங்குனி வந்தது. எங்கள் கெட்ட நேரம், வழக்கு விசாரணை அடுத்த வாரம் என்று ஆகிவிட்டது. அதற்குள் உதயைப் பிடித்து வெளிநாட்டவர் முகாமில் ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனுக்கு உத்தரவு வந்துவிட்டது. முகாமுக்குப் போனால் அங்கிருந்து நேராக விமானம்தான் என்றார் ரசாக். நங்கை இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தாள். அவரும் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து ஆள்தான், கம்பம் நட்டு நோம்பி சாட்டுகிற ஊர். ஃபைலை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"உத்தரவுன்னா நா கூட்டிட்டுப் போய்த்தான் ஆகோணுமுங்க. புதன்கிழமை காலைல வண்டி வரும். ஆனா உங்க தெருவுல நாளைக்குக் கம்பம் நடறாங்களாமா? காப்புக் கட்டுன ஆளு மேல நா கை வெக்க மாட்டனுங்க. நோம்பி நேரத்துல பிரச்சனையாகும், முடிஞ்சப்புறம் ஒப்படைக்கறேன்னு மேல எழுதிப்போடுவேன். அவ்வளவுதானுங்க என்னால ஆகும்."

வெளியே வந்ததும் பிரவீனா, "அக்கா, அவருக்கு ஒரு காப்புக் கட்டிரலாமுங்களா?" என்று துள்ளினாள். நங்கை விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். யார் வீட்டுக் காப்பு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பூசாரி மாசாணம் வழக்கத்தை மாற்றுகிறவர் இல்லை. "காப்பு நாலுதானுங்க அம்மணி. மூணு ஊட்டு ஆளுக தயாரா நிக்கறாங்க. உன்ற ஊட்டுக் காப்பு ஒண்ணுதான் பாக்கி. ஊட்டுக்காரி சொன்னா வேற ஆளுக்குக் கட்டலாம். ஆனா ஒருக்காக் கட்டிப்போட்டா, நோம்பி முடியறவரைக்கும் அவந்தான் உன்ற ஊட்டு ஆளு. கதிரேசன் வந்தாலும் கழட்ட முடியாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் போன் செய்தான். "பொழுதோட வாரேன்" என்றான். நங்கை அடுப்பில் அவனுக்காகப் பருப்பு வேகவைத்திருந்தாள். கோயிலில் காப்புக் கட்டும் நேரம் நெருங்கியது. பிரவீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கேட்கவும் இல்லை, போகவும் இல்லை.

நான் நங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "குடுத்துப்போடாத நங்கை. அவ வருசம் பூரா புருசனோட இருக்கறா. உனக்கு நோம்பிக்காச்சும் வேண்டாமா?"

"வேணும்" என்றாள். "வேணுங்கறதாலதான் இத்தனை நாளா எரிஞ்சுக்கிட்டுத் திரியறேன். அவ புருசனை ஏரோப்ளேன்ல ஏத்தியுட்டா என்ற எரிச்சல் ஆறிருமா?" அடுப்பிலிருந்த பருப்பை இறக்கி வைத்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். "அவரு வந்து பாக்கட்டும் அன்பு. நம்ம எடத்துல இன்னொருத்தன் நிக்கறானேன்னு அவருக்கும் ஒருக்கா எரியட்டும்."

அவள் அதை எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உதய்க்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் வேட்டியில், கையில் வேப்பிலையோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். வழக்கமாக என் அண்ணன் நிற்கும் மூலையில் கொண்டுபோய் மாசாணம் நிறுத்தினார். பிரவீனா கையெடுத்துக் கும்பிட்டபடி அழுதாள். நங்கை கும்பிடவில்லை. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழும்போது அண்ணன் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில் முன்னால் போனவன் உதயைப் பார்த்தான், காப்பைப் பார்த்தான். மாசாணம் விஷயத்தைச் சொன்னார். நங்கை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். அவன் கத்த வேண்டும், நாலு பேர் முன்னால் அவளைக் கேட்க வேண்டும். அவளும் அதற்குப் பதில் வைத்திருந்தாள்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். அவன் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா? பரீட்சை இல்லை என்று சொன்னால் பள்ளிக்கூடப் பையனுக்குத் தெளியுமே, அப்படி.

"அப்ப நா நின்னு ஆகோணும்னு இல்லீங்களே?" என்று பூசாரியைக் கேட்டான். "அம்மனுக்கு ஒண்ணும் கொறையாகாதுங்களே?"

ஆகாது என்றார் மாசாணம். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு யோசனை தோன்றியது. கம்பத்தைக் குளிப்பாட்டி எடுத்துவர ஆட்கள் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். கொண்டுவந்து நட்டுவிட்டால் காப்பு இல்லாவிட்டாலும் இவன் இராத்தங்க வெளியே போக முடியாது. "வாண்ணா, வந்த கால்ல போவியா, ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ" என்று நங்கை வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். வேண்டுமென்றே மறுபடி உலை வைத்தேன். வெங்காயத்தை ஒவ்வொன்றாக உரித்தேன். தெருமுனையில் பறைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம், ஆள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

நங்கை உள்ளே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். குனிந்து அடுப்பை அணைத்துவிட்டு, அண்ணனின் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"கம்பம் வந்துக்கிட்டிருக்குதுங்க. போறதுன்னா இப்பவே போயிருங்க. நின்னுட்டா அப்புறம் போக முடியாது."

"அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஏறக்குறைய ஓடினான். கம்பம் ஒரு பக்கம் தெருவுக்குள் வந்தது, அவன் இன்னொரு பக்கம் வெளியே போனான். நான் நங்கையைத் திட்டித் தீர்த்தேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

புதன்கிழமை ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் கம்பத்தைக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு திரும்பிப் போனார். அடுத்த வாரம் ரசாக் போன் செய்தார். வழக்கு முடியும்வரை உதயை நாடுகடத்தக் கூடாது, குடும்பத்தோடு இருக்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. மற்ற குடும்பங்களுக்காக நங்கை இன்னும் திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த நோம்பி முடியும்வரை உதய் தினமும் மத்தியானம் எங்கள் நங்கை வீட்டில்தான் சாப்பிட்டான். காப்புக்குரிய வீட்டுச் சோறுதான் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம், பிரவீனா ஒரு வாய் கொடுக்கவும் முடியாது. முதல் இரண்டு நாள் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து அவன் சாப்பிடும் நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றுகொண்டாள். அக்கா, அவருக்கு இத்தனை காரம் ஆகாதுங்க என்பாள். ரசத்தை முதலில் ஊற்றிவிட்டீர்களே என்பாள். ஒருநாள் உதய், "அக்காட கைப்பக்குவம் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டான். பிரவீனாவின் முகம் சுண்டிப்போனது.

நங்கை அதைக் கவனித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்ததை, அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பயப்படாத அம்மணி. சோத்தப் போட்டு ஆரையும் புடிச்சு வெக்க முடியாது. நா எத்தனையோ வருசமாப் போட்டுப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, உதய்க்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.